பாலனை மறந்துவிட்டுப் போன வீடு

கிள்ளான்,
டிசம்பர் 14.

அன்பு மகன் ஜோனத்தனுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல ஷார்மைன் எழுதுவது. பாலன் இயேசுவின் தயவில் இந்த வீட்டில் எல்லாரும் சுகம், என் வலது கை ஒன்றைத் தவிர. நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கிச் சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன், நம்பாவிட்டால் மட்டும் நியூசிலாந்துக்கு வந்து பார்க்கவா முடியும். கைக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, பதறாதே. அச்சு முறுக்குச் சுடும்போது அச்சு கைநழுவி எண்ணெய்க்குள் விழுந்து தெறித்துவிட்டது, கிளினிக்கில் மருந்து போட்டுப் பெரிய கட்டாகக் கட்டி அனுப்பிவிட்டார்கள், இப்போது எனக்கு ஒரு கை இருக்கும் இடத்தில் ஒரு ரொட்டி இருக்கிறது. அதனால்தான் உன் தங்கையை உட்கார வைத்து எழுதச் சொல்கிறேன். நான் பேசுவதை அப்படியே எழுத மாட்டாளாம், கடிதம் என்றால் ஒழுங்கான தமிழில்தான் இருக்க வேண்டுமாம், திருத்தித் திருத்தி எழுதுகிறாள். மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்ட பிள்ளைக்கு இன்றைக்கு வந்த கௌரவத்தைப் பார். இதையெல்லாம் போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ இடையில் பேசுவாய், நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு உனக்கு இருமல் இருக்கிறதா என்று கேட்பேன், அப்படியே போய்விடும். வாட்சப்பில் போடலாமென்றால் என் விரல் பட்டு அது குடும்பக் குரூப்புக்குப் போய்விட்டால் ஈப்போவில் இருக்கிற உன் பெரியம்மா நான் முடிக்கும் முன்னே பதில் போடுவாள். பக்கத்து வீட்டு நூருன்னிசாவின் மகன் ஜுஹைர் விடுமுறை முடிந்து செவ்வாய்க்கிழமை ஆக்லாந்துக்குத் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். கூடவே அச்சு முறுக்கும் நெய் உருண்டையும் இருக்கிறது, ஏர்போர்ட்டில் கேட்டால் மறைக்காமல் எடுத்துக் காட்டு என்று சொல்லியிருக்கிறேன். கடிதத்தை முதலில் படி, பிறகு சாப்பிடு. வாயில் முறுக்கோடு இதைப் படிக்காதே, காரணம் போகப் போகத் தெரியும்.

இங்கே தினமும் சாயங்காலம் மழை. முன் வாய்க்கால் அடைத்துக்கொண்டு தண்ணீர் வாசல் வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. கிறிஸ்மஸுக்குத் தைக்கக் கொடுத்த ரவிக்கைகள் மலையாகக் கிடந்தன, என் கை இப்படி ஆனதும் எல்லாவற்றையும் ஷார்மைன்தான் தைத்து முடித்தாள், ஒருவரும் குறை சொல்லவில்லை, ஒருத்தி மட்டும் இறுக்கமாக இருக்கிறது என்றாள், அது ரவிக்கையின் குற்றம் இல்லை. (அதை எழுத வேண்டாம் என்று சொன்னேன் அண்ணே, அம்மா எழுதச் சொன்னார்கள்.) உன் தங்கை மாறவில்லை. வாசலில் யாராவது வந்தால் சமையலறைக்குப் போவாள், சமையலறைக்கு யாராவது வந்தால் பின்வாசலுக்குப் போவாள். நீ போன் செய்தால் ஹலோ சொல்லிவிட்டு என் கையில் திணித்துவிட்டு ஓடுவாளே, அதே ஆள்தான். ஆனால் அந்த ஆள் இந்த மாதம் செய்த காரியத்தைக் கேட்டால் நீ நம்ப மாட்டாய், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அதை மட்டும் இல்லை, அதற்குப் பின்னால் உன்னிடம் ஒன்று கேட்கவும் வேண்டும். பயப்படாதே, பணம் இல்லை.

நீ போன பிறகு நம் அன்பியத்தில் ஒரு புது வழக்கம் வந்திருக்கிறது. நம் தாமான் குடியிருப்பிலும் பக்கத்துத் தாமானிலும் உள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்ததுதானே நம் அன்பியம், பாட்டுக் குழு விவியன் ஆன்டி கையில். கேரல் பாடப் போகும்போது பாலன் இயேசு சுரூபத்தை ஒரு கூடையில் படுக்க வைத்து லேஸ் துணி போர்த்தி வீட்டுக்கு வீடு கொண்டுபோக வேண்டும், வீட்டார் எல்லாரும் பாலனின் பாதத்தில் முத்தமிட்டு முத்தி செய்த பிறகுதான் பாட்டு. கூடையைத் தூக்கி வருவது கிறிஸ்மஸ் தாத்தாவின் பொறுப்பு. இந்த வருஷம் தாத்தா வேஷத்துக்கு அம்பாங்கிலிருந்து புதிதாகக் குடிவந்த ஒரு ஆள் கிடைத்தார், போர்ட் கிள்ளானில் கன்டேனர் லோரி ஓட்டுகிறவர், முதலாளியிடம் சொல்லி ஒரு சின்ன லோரியும் வாங்கி வருகிறார் என்று விவியன் ஆன்டிக்கு ஏக குஷி. முதல் நாள் நம் வீட்டுக்கு அந்த லோரியில்தான் வந்தார்கள். சுற்றிலும் வண்ண பல்பு, பின்னால் பிள்ளைகள், நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் விவியன் ஆன்டி ராணி மாதிரி. தாத்தா ஒல்லி, வயிற்றுக்கு வைத்த தலையணை இடுப்புப் பக்கம் சரிந்து கிடந்தது. கூடையை வைக்க இடம் தேடினார். மேசை முழுக்கப் பலகாரம். ஷார்மைன் கதவுக்குப் பின்னாலிருந்து விரலை நீட்டி உன் அப்பாவின் நாற்காலியைக் காட்டினாள், அந்தப் பிரம்பு நாற்காலியை. தாத்தா அதற்கு மேலே மாட்டியிருந்த உன் அப்பாவின் படத்தைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், கூடையைக் கீழே இறக்காமலே என்னிடம் திரும்பி, "இங்க வைக்கலாங்களா?" என்றார். உன் அப்பா போன இத்தனை வருஷத்தில் இந்த வீட்டுக்கு எத்தனை பேர் வந்திருக்கிறார்கள், தெரியாமல் உட்காரப் போனவர்கள் உண்டு, பையை வைத்தவர்கள் உண்டு, யாரும் கேட்டதில்லை. வையுங்கள் என்றேன். அப்போதுதான் அவர் என் முகத்தைச் சரியாகப் பார்த்தார், பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். பாட்டுக்கு மணி ஆட்ட வேண்டியவர் மணியை ஆட்டவில்லை, கட்லட்டைத் தொடவில்லை, எல்லாரும் கிளம்பும்போது கடைசி ஆளாகக் கிளம்பிப் போனார். பாலனை நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் போனார்.

அடுத்த வீடு விவியன் ஆன்டி வீடு. ஊரையே கூட்டி வைத்துக்கொண்டு, புடவை மாற்றிக்கொண்டு, முத்தி செய்யக் குனிந்து நிற்கிறார், கூடை இல்லை. அப்புறம் என்ன, மழையில் நம் வீட்டுக்கு ஒரு கிறிஸ்மஸ் தாத்தா ஓடி வந்தார், தாடியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. நான் கதவைத் திறந்தேன். "பிலோ, பாலன் இங்க இருக்காரா?" என்றார். பிலோ என்று என்னைக் கூப்பிட்ட ஆட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், பாதிப் பேர் செத்துப்போனார்கள். முகத்தை உற்றுப் பார்த்தேன், பார்த்ததும் என் வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது, "அட, நாலு தட்டு ரபேல்!"

இப்போது உனக்கு நாலு தட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். இதை உன் அப்பாவுக்கு நான் கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டேன், அவர் வயிறு வலிக்கச் சிரித்தார், அதனால் நீ கேட்பதில் தப்பில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தபோது நான் கோவிலில் பாட்டுக் குழு, ரபேல் கிட்டார். நல்ல பையன், நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்க மாட்டான். ஒரு நாள் ஒத்திகை முடிந்து வரும்போது, கிறிஸ்மஸ் அன்றைக்கு உங்கள் வீட்டுக்கு வந்து உங்கள் அப்பாவிடம் கேட்கப் போகிறேன் என்று என்னிடம் சொன்னான். நான் மாம்பழ நிறப் புடவை கட்டிக்கொண்டு காலையிலிருந்து தட்டோடு நின்றேன். வந்தான். உன் தாத்தா பக்கத்திலேயே உட்கார்ந்தான். கேட்பதற்காக வாயைத் திறந்தான். உன் தாத்தாவைத்தான் தெரியுமே, பையன் இன்னும் வேண்டுமென்கிறான் போலிருக்கிறது என்று நினைத்து, "பிலோ, தம்பிக்கு இன்னும் கறி போடும்மா" என்றார். தட்டு காலியானது, மறுபடி வாயைத் திறந்தான், மறுபடி கறி. நான்தான் போட்டேன். நாலாவது தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்து நின்று, "அப்ப நான் வரேன் அங்கிள்" என்று சொல்லிவிட்டுப் போனவன்தான். அந்த ஜனவரியில் அவன் குடும்பம் அம்பாங்குக்குப் போய்விட்டது. அடுத்த வருஷம் உன் அப்பா கிள்ளானிலிருந்து பெண் பார்க்க வந்தார், நாற்காலியில் உட்கார்ந்ததும் சாப்பாடு வருவதற்குள்ளேயே, எனக்குப் பெண்ணைப் பிடித்திருக்கிறது, பெண்ணிடம் கேளுங்கள் என்று சொல்லிவிட்டார். உன் தாத்தாவுக்கு அதனாலேயே அவரைப் பிடித்தது. எனக்கும்தான். உன் அப்பாவோடு இருந்த காலத்தில் நான் அந்த நாலு தட்டை நினைத்தது கிடையாது, சிரிப்பதற்குத் தவிர. இதை நீ நம்ப வேண்டும்.

அன்றைக்கு அவர் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார், அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் நம் வீடு முனை வீடு, லோரி நிறுத்த இடம் இருக்கிறது, அதனால் மறுநாளிலிருந்து எல்லாரும் நம் வீட்டில் கூடித் தேநீர் குடித்துவிட்டுக் கிளம்புவது என்று விவியன் ஆன்டி முடிவு செய்துவிட்டார், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கறிபாப் சுட்டே என் மாவு தீர்ந்தது. தேநீர் குடிக்கிற நேரமெல்லாம் கூடை உன் அப்பா நாற்காலியில்தான் இருக்கும், ரபேல் சமையலறை வாசலில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். தாயார் படுக்கையில் கிடந்த காலம் முழுக்கக் கூடவே இருந்து பார்த்திருக்கிறார், கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று விவியன் ஆன்டி எல்லாருக்கும் முன்னால் கேட்டார், "லோரில முன் சீட்டு சின்னது ஆன்டி" என்றார். நானும் சிரித்துவிட்டேன். அன்று மறுபடியும் எல்லாரும் கிளம்பிப் போனார்கள். போன இடம் புதிதாகக் கல்யாணமான ஒரு பிள்ளை வீடு. அந்தப் பெண் முக்காடு போட்டுக்கொண்டு பக்தியோடு குனிகிறது, ரபேல் லேஸ் துணியை விலக்குகிறார், உள்ளே பாலன் இல்லை, சுருட்டி வைத்த ஒரு குட் மார்னிங் துண்டு படுத்திருக்கிறது. காப்பிக் கடையில் தோளில் போட்டுக்கொள்வார்களே, அதே சிவப்பு எழுத்துத் துண்டு. விவியன் ஆன்டி போட்ட சத்தம் நம் வீட்டுக்கே கேட்டது. "ரபேல், ஆண்டவர முத்தி செய்ய வந்த புள்ளைக்கு மூஞ்சி தொடைக்கிற துண்டையா நீட்டுறீங்க?" என்று கேட்டிருக்கிறார். இவர் துண்டை எடுத்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் புரட்டிப் பார்த்தாராம், பார்த்துவிட்டு, "என் தப்புதான் ஆன்டி. மழையில நனையக் கூடாதேன்னு துண்டுல சுத்தினேன், அவசரத்துல துண்டு மட்டும் வந்துருச்சு போல" என்றாராம். திரும்பி வந்து பாலனை எடுத்துக்கொண்டார். துண்டை நாலாக மடித்து ஷார்மைன் கையில் கொடுத்து, "இந்தாம்மா, நல்ல துண்டு" என்றார். இவள் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனவள் வெளியே வரவே இல்லை. வெட்கம் என்று நினைத்தேன். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும், மூலையில் மஞ்சள் கறை இருக்கிற துண்டு, நம் சமையலறைத் துண்டு.

ஊர் வாயை மூட முடியுமா. ரபேலுக்கு ஞாபக சக்தி போய்விட்டது என்று ஒரு பேச்சு, லோரி ஓட்டுகிறவருக்கு இப்படி மறதி இருக்கலாமா என்று ஒரு பேச்சு, அடுத்த வருஷம் தாத்தா வேஷத்துக்கு வேறு ஆளைப் பார்க்க வேண்டும் என்று ஒரு பேச்சு. எல்லாவற்றுக்கும் அவர் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நானும் என் பங்குக்குப் பாசாரில் வல்லாரை வாங்கி அரைத்துச் சாறு பிழிந்து கொடுத்தேன். முகம் சுளிக்காமல் குடித்தார், தம்ளரைக் கீழே வைக்கும் முன் மறுபடியும் ஊற்றினேன், நான் உன் தாத்தாவின் மகள்தானே. நூருன்னிசா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "என்னக்கா, அந்த அண்ணனுக்கு மறதியா? எனக்கு என்னமோ ஞாபகம் ரொம்ப ஜாஸ்தின்னு தோணுது லா" என்றாள். சும்மா இரு என்றேன். அவள் சும்மா இருக்கிற ஆளா.

அதற்கு அடுத்த நாள்தான் கள்ளி அகப்பட்டாள். இதை எழுதிக்கொண்டிருக்கிறவளைத்தான் சொல்கிறேன். எழுது, என் முகத்தைப் பார்க்காதே, எழுது. எல்லாரும் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள், நான் தேநீர்த் தட்டை எடுக்கக் கூடத்துக்கு வந்தேன். உன் தங்கை கூடையிலிருந்து பாலனைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, மற்றக் கையால் துண்டைச் சுருட்டி உள்ளே வைத்துக்கொண்டிருக்கிறாள். தலைமாட்டில் கொஞ்சம் தட்டியும் விடுகிறாள், குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி. அதற்குள் ரபேல் வந்தார், கூடையைத் தூக்கினார், தூக்கியவர் ஒரு நிமிஷம் நின்று கனம் பார்த்தார். பாலன் கல் சுரூபம், துண்டோ வெறும் துணி. தெரியாமல் இருக்குமா. லேஸ் துணியைச் சரிசெய்துவிட்டு, கூடையைப் பத்திரமாக மார்போடு அணைத்துக்கொண்டு போய்விட்டார். லோரி கிளம்பியதும் இவளைப் பிடித்தேன். ஆண்டவரோடு விளையாடுகிறாயே, உனக்குப் பயமில்லையா, அந்த மனுஷன் ஊரிடம் திட்டு வாங்குகிறாரே, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். நான் கேட்டால் பதில் வராது என்று எனக்குத் தெரியும், பள்ளிக்கூடத்தை ஏன் விட்டாய் என்று கேட்டதற்கே இன்னும் பதில் வரவில்லை. ஆனால் பாலனை நாற்காலியில் படுக்க வைத்துவிட்டு நேராக என்னைப் பார்த்துச் சொன்னாள், "அவரு திரும்பி வந்தா நீங்க சிரிக்கிறீங்கம்மா. மத்த நேரம் நீங்க சிரிக்கவே மாட்றீங்க." நான் போய் அடுப்பை அணைத்தேன், அடுப்பு ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது. (இது நிஜம் அண்ணே, நான் பார்த்தேன்.)

கொஞ்ச நேரத்தில் கேட் சத்தம். பாலனைத் தேடித் தாத்தா வந்துவிட்டார். இந்தத் தடவை நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். "பிள்ளதான் செய்யுதுன்னு உங்களுக்கு எப்பத்துல இருந்து தெரியும்?" என்று கேட்டேன். அவர் ஷார்மைனைப் பார்த்தார், ஷார்மைன் கதவைப் பார்த்தாள். "துண்டுல மஞ்சக் கறை இருந்துச்சு, அன்னிக்கே தெரியும்" என்றார். அப்புறம் ஏன் ஊர் முன்னால் பழியை ஏற்றுக்கொண்டீர்கள் என்றேன். "பேசவே பயப்படுற புள்ள, முதல் தடவையா ஒரு சேட்ட பண்ணுது. காட்டிக் குடுத்தா மறுபடியும் கதவுக்குப் பின்னாடி போயிடும் பிலோ. வாய் திறக்கப் பயந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா?" என்றார். அப்புறம் அவர் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார். என் கையில் கறிபாப் தட்டு இருந்தது, சத்தியமாகச் சொல்கிறேன், அதைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அவர் கேட்டார். என்ன கேட்டார் என்று ஷார்மைனுக்கு எழுதக் கை வராது, உனக்கும் புரிந்திருக்கும். ஆனால் எல்லாவற்றையும் அந்தத் தாடியை மாட்டிக்கொண்டே கேட்டார். தாடியை எடுத்துவிட்டுக் கேளுங்கள் என்றேன். "தாடி இருக்கிறதாலதான் தைரியமே" என்றார். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து நூருன்னிசா, "எடுத்துட்டே கேளுங்க லா அண்ணே, எங்களுக்கும் முகம் தெரிய வேணாமா?" என்றாள். திரும்பிப் பார்த்தால் லோரி கேட்டுக்கு வெளியே வந்து நிற்கிறது, பாலன் இல்லாமல் பாட முடியாமல் எல்லாரும் ரபேலோடு லோரியிலேயே திரும்பி வந்துவிட்டார்கள், பல்பு ஒன்றுகூட அணையவில்லை, பிள்ளைகள் எல்லாம் எட்டிப் பார்க்கிறார்கள். விவியன் ஆன்டி நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, "பிலோமினா, சீக்கிரம் சொல்லு, இன்னும் பாதி வீடு பாக்கி இருக்கு!" என்று கத்துகிறார். அவர் தாடியை எடுத்துவிட்டு மறுபடியும் கேட்டார். மழைத் தண்ணீரா வேர்வையா தெரியவில்லை, முகமெல்லாம் நனைந்திருந்தது, ஆனால் கேட்டுவிட்டார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா, என் பெரியவனிடம் பேச வேண்டும் என்றேன். ரபேல் சிரித்தார். "பேசு பிலோ. கிறிஸ்மஸுக்கு உங்க வீடு ஓப்பன் ஹவுஸ், யாரும் வந்து சாப்பிடலாம்னு விவியன் ஆன்டி சொன்னாங்க, மத்தியானம் வரேன். அன்னிக்குச் சொல்லு. என்ன சொன்னாலும் சரி, ஒரு தட்டுக்கு மேல சாப்பிட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போனார், உள்ளே பாலன் இருக்கிறாரா என்று லேஸைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் போனார். உன் தங்கைக்கு ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனம். உள்ளே என்ன சொன்னாளோ, ஃபாதர் வெளியே வரும்போது வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு வந்தார். விவியன் ஆன்டி கொடுத்த தண்டனைதான் பெரிது. கள்ளியையே காவலுக்கு வைத்துவிட்டார், இனிமேல் கேரல் முடிகிற வரைக்கும் கூடையைத் தூக்குவது ஷார்மைன். ஆமாம், இவள்தான், ஒவ்வொரு வீட்டுக்கும், எல்லாருக்கும் முன்னால். முதல் நாள் தலையைத் தூக்காமல் போனாள். நேற்று திரும்பி வரும்போது லோரியில் மெதுவாகப் பாடிக்கொண்டு வந்ததாக விவியன் ஆன்டி சொல்கிறார், நான் கேட்கவில்லை, நம்புகிறேன்.

இப்போது நான் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். போன வருஷம் விவியன் ஆன்டி என் விஷயமாக உன்னிடம் போனில் ஏதோ பேச்செடுத்தபோது, எங்கள் அப்பா நாற்காலியில் வேறு யாரும் உட்காரக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாயாமே. என்னிடம் நீ அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதில் எனக்குக் கோபம் இல்லை அய்யா, உன் அப்பாமேல் உனக்கு இருக்கிற பாசம் எனக்குத் தெரியாததா. ஆனால் ஒன்று தெரிந்துகொள், அந்த நாற்காலியில் ரபேல் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. கூடையை எடுக்க வரும்போதுகூட, எடுக்கலாமா என்று படத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டுத்தான் எடுப்பார், என்னைப் பார்த்து இல்லை. அந்த நாற்காலி அங்கேயேதான் இருக்கும், உன் அப்பாவுடையதாகவே இருக்கும். நூருன்னிசா வீட்டில் உபரியாக ஒரு நாற்காலி இருக்கிறதாம், ஜுஹைரை விட்டுத் தூக்கிவரச் சொல்கிறேன் என்கிறாள், அதைக் கொஞ்சம் தள்ளி, ஜன்னல் பக்கம் போடலாம் என்று பார்க்கிறேன். இன்னும் போடவில்லை. நான் உன்னிடம் அனுமதி கேட்கவில்லை, உன் அம்மாவுக்கு வயதும் இருக்கிறது, புத்தியும் இருக்கிறது. ஆனால் நீ மனம் கோணிக்கொண்டு அங்கே தனியாக உட்கார்ந்திருந்தால் எனக்கு அந்தக் கிறிஸ்மஸ் சோறு தொண்டையில் இறங்காது, அப்போது நானும் வாய் திறக்காமல் அவருக்கு ஒரு தட்டு போட்டு அனுப்பிவிடுவேன், இன்னொரு கிறிஸ்மஸும் அப்படியே போய்விடும். அதனால் கிறிஸ்மஸ் அன்று மத்தியானம் வீடியோவில் கூப்பிடு. நீ எனக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். அவர் வாசலில் வந்து நிற்பார், யாராவது சொல்லாமல் உட்கார மாட்டார், அவர் சுபாவம் அது. உட்காருங்கள் அங்கிள் என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும், எனக்கு விளங்கிவிடும். மனது வரவில்லையென்றால் மெர்ரி கிறிஸ்மஸ் மட்டும் சொல்லு, அதுவும் எனக்கு விளங்கும், உன்மேல் வருத்தப்பட மாட்டேன். கொஞ்சம் படுவேன், தெரிந்துகொள்.

அங்கே இப்போது வெயில் காலம் என்று தலையில் ஒன்றும் போடாமல் அலையாதே. ஒவ்வொரு நாளும் மெகி கிண்டிச் சாப்பிடாதே. முடி வெட்டு, போன படத்தில் பரதேசி மாதிரி இருந்தாய். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போ, வேலை இருந்தால் சனிக்கிழமை சாயங்காலம் போ. ஜுஹைருக்கு ஒரு வேளை நல்ல சோறு வாங்கிக் கொடு, பாவம், நம் முறுக்கைச் சுமந்து வருகிறான். பாலன் இயேசு உன் வீட்டு வாசலிலும் வந்து படுத்துக்கொள்ளட்டும், உன் கை தொட்டதெல்லாம் நன்றாக வரட்டும், நீ எங்கே இருந்தாலும் உன் அப்பாவின் ஆசீர் உன் தலைமேல் இருக்கும், என் கட்டுப் போட்ட கையின் ஆசீரும்தான். மத்தியானம் என்றால் நம் மத்தியானம், உன் ஊர் மத்தியானம் இல்லை, நேரத்தை மாற்றிக் குழப்பிவிடாதே.

உன் அன்புள்ள அம்மா,
பிலோமினா
(இடது கையால் ஒரு சிலுவை மட்டும் போட்டிருக்கிறேன், கோணலாக இருந்தாலும் சிலுவைதான்.)

அண்ணே, அம்மா உறை எடுக்க நூருன்னிசா ஆன்டி வீட்டுக்குப் போயிருக்கிறார்கள், அதனால் இதை வேகமாக எழுதுகிறேன். உன் பதில் வரும்வரை எதுவும் முடிவு செய்யவில்லை என்று அம்மா சொல்கிறார்கள். ஆனால் முந்தாநாள் அலமாரி அடியிலிருந்து அந்த மாம்பழப் புடவையை எடுத்து என்னிடம் கொடுத்து, சும்மா காற்றாட வைக்கத்தான் என்று சொல்லிவிட்டு, அதற்கு ஒரு புது ரவிக்கையும் தைக்கச் சொன்னார்கள். நான் அளவெடுக்கும்போது பாட்டு முணுமுணுத்தார்கள். தைத்துவிட்டேன், இறுக்கமாக இல்லை. அன்று மத்தியானம் நீ கூப்பிடும்போது போனை நான்தான் எடுப்பேன். ஹலோ சொல்லிவிட்டு ஓட மாட்டேன். ரபேல் அங்கிள் வாசலில் நிற்கிற இடம் வரைக்கும் நானே போனைப் பிடித்துக்கொண்டு நடந்து போய் உன்னைக் காட்டுவேன். நீ சொல்ல வேண்டியதைச் சொல்லு, அண்ணே. உனக்குச் சொல்ல வரவில்லையென்றால், நீ தலையை மட்டும் ஆட்டு, உட்காருங்கள் அங்கிள் என்று நானே சத்தமாகச் சொல்கிறேன்.

ஷார்மைன்